சத்தமில்லாமல் மாறிய எண்கள்: சிகுரூப் இரண்டாம் பதிப்புக்கு நகர்ந்தபோது நடந்தவை

2019 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் வினியோகமான ஃபெடோரா 31 வெளியானது. அதை நிறுவிவிட்டு, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரை வழக்கம்போலக் கிளப்பியவர்களுக்கு ஒரு கன்டெய்னர்கூட எழவில்லை. சிபியுவையும் நினைவகத்தையும் பிராசஸ்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சிகுரூப் என்ற கெர்னல் வசதியின் இரண்டாம் பதிப்பை ஃபெடோரா இயல்புநிலையாக்கியிருந்தது. அன்றைய டாக்கருக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். பூட் வரியில் ஒரு அளவுருவைச் சேர்த்துப் பழைய பதிப்புக்குத் திரும்பினால் எல்லாம் ஓடியது. 2020 டிசம்பரில் வந்த டாக்கர் 20.10 புதிய பதிப்பையும் புரிந்துகொண்டது. விஷயம் முடிந்தது.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும் பலரும் அந்த டாக்கர் சிக்கலைத்தான் முதலில் நினைவுகூர்வார்கள். என் கணக்கில் அது இருப்பதிலேயே தீங்கற்ற சம்பவம். உடைந்தது உடனே தெரிந்தது, காரணம் தெரிந்தது, திரும்பிப் போக வழி இருந்தது. வலித்தவை வேறு. எந்தப் பிழைச்செய்தியும் தராமல், எண்களின் பொருளை மட்டும் மாற்றிவிட்டுப் போன மாற்றங்கள் அவை. அவற்றில் ஒன்றைச் சரிசெய்ய 2025 வரை ஆனது. இந்த ஆய்வு பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

பழைய அமைப்பு ஏன் போதவில்லை

யூனிக்ஸில் வள வரம்பு வைக்கும் யூலிமிட் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அதன் நினைவக வரம்பு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. நூறு கிளைப் பிராசஸ்களை உருவாக்கும் ஒரு வெப் சர்வரை, மொத்தமாக உனக்கு இவ்வளவுதான் என்று அடக்க அது உதவாது. வணிக யூனிக்ஸ்கள் இதற்கு முன்பே வழி கண்டிருந்தன. சன் நிறுவனம் 2002-இல் சோலாரிஸ் 9-க்குள்ளேயே பங்கு அடிப்படையில் சிபியுவைப் பிரிக்கும் ஷெட்யூலரைச் சேர்த்தது. ஏஐஎக்ஸிலும் எச்பி-யூஎக்ஸிலும் அவரவர் ஏற்பாடு இருந்தது. லினக்ஸில்தான் அந்த இடம் காலியாகக் கிடந்தது.

கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் 2006-இல் தொடங்கிய வேலை 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலோடு வெளியே வந்தது. அதுதான் சிகுரூப் முதல் பதிப்பு, சுருக்கமாக வி1. அதில் ஒவ்வொரு வளத்துக்கும் தனி மரம். ஒரு பிராசஸ் நினைவக மரத்தில் ஒரு கிளையிலும், சிபியு மரத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கிளையிலும் இருக்கலாம். ஒரே பிராசஸின் த்ரெட்களைக்கூடப் பிரித்து வெவ்வேறு கிளைகளில் வைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அந்தச் சுதந்திரத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, அதன் விலையை எல்லோரும் கொடுத்தார்கள்.

டிஸ்கில் எழுதும் வேகத்துக்கு வரம்பு வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரல் எழுதுவது உடனே டிஸ்குக்குப் போவதில்லை; நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில் தங்குகிறது. அப்புறம் கெர்னலின் வேறொரு த்ரெட் வந்து அதை டிஸ்குக்குத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் இது யாருடைய எழுத்து என்று கேட்டால், நினைவக மரத்துக்குத்தான் பதில் தெரியும். வரம்பை அமல்படுத்த வேண்டிய டிஸ்க் மரத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் பொதுவான கிளை என்று ஒன்று இல்லை. எழுதும் வேகத்துக்கு வரம்பு வைத்தவர்கள், சாதாரண எழுத்துகளுக்கு அது வேலையே செய்யவில்லை என்று புலம்பியதற்குக் காரணம் இதுதான்.

கெர்னல் நிரலாளர் டெஜுன் ஹியோ முன்னெடுத்த இரண்டாம் பதிப்பு எல்லா வளங்களையும் ஒரே மரத்தில் கட்டியது. பிராசஸ்கள் இலைக் கிளைகளில் மட்டும் உட்கார வேண்டும். நடுக்கிளைகள் பங்கீட்டுக்கு மட்டும். 2016 மார்ச்சில் 4.5 கெர்னலில் இது அதிகாரபூர்வமானது.

ஆனால் அந்த அதிகாரபூர்வப் பதிப்பில் சிபியு கட்டுப்பாடு இல்லை. த்ரெட்களைப் பிரிக்க முடியாது என்பதையும் நடுக்கிளையில் பிராசஸ் இருக்கக்கூடாது என்பதையும் ஷெட்யூலர் தரப்பு ஏற்கவில்லை. நீண்ட வாதத்துக்குப் பிறகு 4.14-இல் த்ரெட்களுக்கென ஒரு சமரச ஏற்பாடு வந்தது. 2018 ஜனவரியில் 4.15-இல் சிபியு கட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. எந்தக் கோரில் ஓடலாம் என்று நிர்ணயிக்கும் சிபியுசெட் 5.0-இலும், பிராசஸ்களை உறையவைக்கும் ஃப்ரீஸர் 5.2-இலும், அதாவது 2019-இல்தான் வந்தன. வினியோகங்கள் வி2-க்கு மாறத் தயங்கின என்று குறை சொல்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்கலாம். பாதி சாமான் வராத வீட்டுக்கு யார் குடிபோவார்கள்?

ஃபெடோராவுக்குப் பிறகு மற்றவை வரிசையாக மாறின. டெபியன் 11 2021 ஆகஸ்டில், உபுண்டு 21.10 அதே ஆண்டு அக்டோபரில், ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 2022 மேயில். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் 1.25 பதிப்பு, 2022 ஆகஸ்டில், வி2 ஆதரவு முழுமை பெற்றதாக அறிவித்தது. கெர்னலைப் பொறுத்தவரை எதுவும் நீக்கப்படவில்லை. இரண்டு பதிப்பும் உள்ளே இருந்தன. மாறியது, சர்வர் எழும்போது எந்தப் பதிப்பு மவுண்ட் ஆகிறது என்பது மட்டும். பயனர் நிரலை உடைக்கக்கூடாது என்ற கெர்னல் விதி மீறப்படவில்லை. உடைப்பு வினியோகத்தின் ஒரு இயல்பு அமைப்பு வழியாக வந்தது.

ஜாவா: வரம்பு இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை

இந்த மாற்றத்தில் அதிகமாக அடிபட்டது ஜாவா. அதற்கு ஒரு முன்கதை உண்டு.

ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கு ஹீப் (நிரலின் தரவு இருக்கும் நினைவகப் பகுதி) அளவைச் சொல்லாமல் விட்டால், கண்ணில் படும் நினைவகத்தில் கால் பங்கை உச்ச அளவாக எடுத்துக்கொள்ளும். கன்டெய்னருக்குள் ஓடினாலும் அதன் கண்ணில் பட்டது முழுச் சர்வரின் நினைவகம். டாக்கர் பரவிய காலத்தில் இதனால் செத்த கன்டெய்னர்கள் ஏராளம். 2018-இல் ஜேடிகே 10 (ஜாவாவின் 10-ஆம் பதிப்பு) இதைச் சரிசெய்தது: சிகுரூப் கோப்புகளைத் திறந்து வரம்பைப் படிக்கும். அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் திருத்தம் ஜாவா 8-இன் 8u191 பதிப்புக்கும் வந்தது. ஜாவாவுக்கு இப்போது கன்டெய்னர் தெரியும் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். ஹீப் அளவைக் கையால் குறிப்பிடுவதைப் பல குழுக்கள் விட்டுவிட்டன. வரம்பில் இத்தனை சதவீதம் எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி விட்டன.

அந்தத் திருத்தம் படித்தது வி1 கோப்புகளை. வி2-இல் நினைவக வரம்பு இருக்கும் கோப்பின் பெயர் வேறு, இடம் வேறு. வி2-ஐப் படிக்கும் திறன் ஜேடிகே 15-இல் 2020 செப்டம்பரில் வந்தது. 11-ஆம் வரிசைக்கு 11.0.16-இல், 2022 ஜூலையில். 8-ஆம் வரிசைக்கு 8u372-இல், 2023 ஏப்ரலில். நோடுகளின், அதாவது கன்டெய்னர்கள் ஓடும் சர்வர்களின், இயங்குதளம் 2021, 2022-இலேயே வி2-க்கு மாறத் தொடங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறிய சர்வர்களில் பழைய ஜாவா 8 என்ன செய்யும்?

64 ஜிபி நினைவகமும் 32 கோர்களும் கொண்ட ஒரு நோடில், 2 ஜிபி நினைவக வரம்பும் 1 சிபியு வரம்பும் வைத்த கன்டெய்னர் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜாவா வி1 கோப்பைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. அதைப் பிழையாக அது கருதுவதில்லை. கன்டெய்னர் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி முழுச் சர்வரை அளக்கிறது. ஹீப் உச்சம் 16 ஜிபி என்று வைத்துக்கொள்கிறது. 75 சதவீதம் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் 48 ஜிபி.

இது தொடங்கியவுடன் சாகாது என்பதுதான் கொடுமை. ஹீப் மெல்ல வளர்கிறது. இன்னும் நிறைய இடம் இருப்பதாக நினைப்பதால் குப்பை சேகரிப்புக்கும் (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது) அவசரம் இல்லை. ஒருநாள் 2 ஜிபியைத் தொடும்போது கெர்னல் கொன்றுவிடுகிறது. வெளியேறும் குறியீடு 137. ஜாவாவின் நினைவகப் பிழை வராது, ஹீப் டம்ப்பும் கிடைக்காது, ஏனென்றால் ஜாவாவின் பார்வையில் நினைவகம் தீரவே இல்லை. நிரலில் நினைவகக் கசிவு இருக்கிறது என்று எண்ணித் தேடத் தொடங்குவார்கள். நிரல் ஒரு வரிகூட மாறியிருக்காது.

சிபியு பக்கம் இன்னும் நுட்பமானது. கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஜாவா குப்பை சேகரிக்கும் த்ரெட்களை உருவாக்குகிறது. எட்டு கோர் வரை கோருக்கு ஒன்று, அதற்கு மேல் எட்டுக்கு ஐந்து என்ற விகிதம். 32 கோர் என்று கண்டால் 23 த்ரெட்கள். ஆனால் கன்டெய்னருக்குக் கொடுத்தது 100 மில்லி விநாடிக்கு ஒரு சிபியுவின் 100 மில்லி விநாடி. 23 த்ரெட்களும் ஒரே நேரத்தில் 23 கோர்களில் ஓடினால் நான்கு மில்லி விநாடி சொச்சத்தில் அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மீதி 95 மில்லி விநாடியும் மொத்தக் கன்டெய்னரும் கட்டிப்போட்டதுபோல நிற்கும். மானிட்டரில் சராசரிச் சிபியு பயன்பாடு குறைவாகவே தெரியும். பதில் நேரம் மட்டும் நீண்டிருக்கும்.

கால் பங்கு என்ற எண் யூனிக்ஸ் உலகில் இதற்கு முன்பும் இப்படி ஒருமுறை விளையாடியிருக்கிறது. 2005-இல் வந்த சோலாரிஸ் 10, பகிர்வு நினைவக வரம்பைப் பழைய சிஸ்டம் கோப்பிலிருந்து புரொஜெக்ட் அளவிலான வளக் கட்டுப்பாட்டுக்கு மாற்றியது. அதன் இயல்பு மதிப்பு சர்வர் நினைவகத்தில் கால் பங்கு. பெரிய ஆரக்கிள் தரவுத்தளம் ஓட்டியவர்கள், நினைவகம் இருந்தும் நினைவகம் இல்லை என்ற பிழையைப் பார்த்தார்கள். அங்கே குறைந்தபட்சம் பிழை என்று ஒன்று வந்தது.

எடை: ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காத சூத்திரம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி.

சிபியுவைப் பங்கிட வி1-இல் ஷேர்ஸ் என்ற எண் இருந்தது. 2 முதல் 262144 வரை வைக்கலாம். இயல்பு மதிப்பு 1024. வி2-இல் அது வெயிட் ஆனது: 1 முதல் 10000 வரை, இயல்பு மதிப்பு 100. குபெர்னெட்டிஸ் இன்றும் ஷேர்ஸ் மொழியில்தான் பேசுகிறது: ஒரு சிபியு கேட்டால் 1024. அதை வி2 எண்ணாக மாற்ற ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. கீழ் எல்லையைக் கீழ் எல்லையோடும் மேல் எல்லையை மேல் எல்லையோடும் பொருத்தி, நடுவில் நேர்கோடு போட்டார்கள். கணக்காகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் நேர்கோட்டில் 1024 எங்கே விழுகிறது? 39-இல். பழைய உலகில் இயல்பு மதிப்பு 1024. புதிய உலகில் இயல்பு மதிப்பு 100. முன்பு ஒரு சிபியு கேட்ட கன்டெய்னரும், எதுவும் கேட்காமல் இயல்பாக ஓடும் ஒரு பிராசஸ் குழுவும் சம எடையில் நின்றன. இப்போது 39-க்கு 100.

குபெர்னெட்டிஸ் தன் எல்லாப் பாட்களையும் (பாட் என்பது ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) ஒரே பெருங்கிளையின் கீழ் வைக்கிறது. அந்தக் கிளையின் எடை நோடின் மொத்தக் கோர்களைப் பொறுத்தது. நான்கு கோர் நோடில் அது வி1-இல் சுமார் 4096 ஷேர்ஸ். பக்கத்தில், சர்வரின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவைகள் இருக்கும் கிளைக்கு இயல்பான 1024. ஆக, நான்குக்கு ஒன்று. அதே 4096 பழைய சூத்திரத்தில் 157 ஆகிறது. பக்கத்துக் கிளைக்கு 100. விகிதம் நான்கிலிருந்து ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே என்று சுருங்கிவிட்டது. லாக் அனுப்பும் ஏஜென்ட், வைரஸ் ஸ்கேனர், பேக்கப் என்று சிஸ்டம்டியின் கீழ் ஓடும் எல்லாவற்றுக்கும், யாரும் கேட்காமலே, பாட்களிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தாயிற்று.

சிறிய எண்களில் இன்னொரு இழப்பு. 100 மில்லிகோர் (ஒரு கோரில் பத்தில் ஒரு பங்கு) கேட்ட பாடின் எடை 4. 10 மில்லிகோர் கேட்டதும் 20 மில்லிகோர் கேட்டதும் இரண்டுமே 1. ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு கேட்டது என்ற தகவலே காணாமல் போயிற்று.

இது ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை? எடை என்பது நெருக்கடியில் மட்டும் பேசும் எண். நோடில் சிபியு மிச்சம் இருக்கும்வரை எடை எதுவானாலும் எல்லோருக்கும் கேட்டது கிடைக்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிய அளவீட்டுச் சோதனைகள் ஒரே முடிவைக் காட்டும், ஏனென்றால் சோதனை நோடில் போட்டிக்கு ஆள் இருக்காது. உற்பத்திச் சூழலில், உச்ச நேரத்தில், பேக்கப்பும் ஓடும் வேளையில் மட்டும் பாட்கள் மெதுவாகும். அதற்குக் குற்றவாளியாகச் சூத்திரத்தை யார் சந்தேகிப்பார்கள்?

2025-இல், கன்டெய்னர்களை இயக்கும் கருவிகளான ரன்சி 1.3.2, சிரன் 1.23 ஆகியவை புதிய சூத்திரத்துக்கு மாறின. எல்லைகள் அப்படியே, நடுவில் நேர்கோட்டுக்குப் பதில் மடக்கை அடிப்படையிலான வளைவு. 1024 இப்போது சரியாக 100 ஆகிறது. 100 மில்லிகோர் 17 ஆகிறது. எல்லைகளைப் பொருத்துவதைவிட, மக்கள் உண்மையில் பயன்படுத்தும் நடுப்புள்ளியைப் பொருத்துவது முக்கியம் என்பது முதல் சூத்திரத்தை எழுதிய அன்றே தெரிந்திருக்க வேண்டியது. 262144 ஷேர்ஸ் கேட்டு ஓடும் கன்டெய்னரை யாராவது பார்த்ததுண்டா?

மொத்தமாகக் கொல்வது

இது சின்ன விஷயம், ஆனால் சிலரை நன்றாகவே கலங்கடித்தது. நினைவக வரம்பு மீறப்பட்டால் கெர்னல் குழுவில் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். வி2-இல் ஒரு கூடுதல் வசதி உண்டு: குழுவையே ஒரே அலகாகக் கருதி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொல்லச் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் வந்த குபெர்னெட்டிஸ் 1.28, வி2 நோடுகளில் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் இதை இயக்கிவிட்டது.

நோக்கம் நல்லது. துணைப் பிராசஸ் செத்து, முதன்மைப் பிராசஸ் மட்டும் நடைப்பிணமாக ஓடும் கன்டெய்னரைவிட, முழுதாகச் செத்து மறுபடி எழும் கன்டெய்னர் மேல். ஆனால் பல வொர்க்கர்களை வைத்து, செத்த வொர்க்கருக்குப் பதில் புதிதாக ஒன்றை எழுப்பும் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வொர்க்கர் சாவது அன்றாடம். ஒரு கோரிக்கை தோற்கும், அவ்வளவுதான். 1.28-க்குப் பிறகு அதே சம்பவத்தில் எல்லா வொர்க்கர்களும், கையில் இருந்த எல்லாக் கோரிக்கைகளும் ஒன்றாகப் போயின. பழைய நடத்தைக்குத் திரும்பும் நோடு அமைப்பு 2024 டிசம்பரில் 1.32-இல்தான் வந்தது. இயல்பை மாற்றும் அன்றே பழையதற்குத் திரும்பும் சாவியையும் கொடுத்திருந்தால் இத்தனை சலசலப்பு இருந்திருக்காது.

இன்று நகர்பவர்களுக்கு

இனித் தள்ளிப்போட இடம் இல்லை. 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256, வி1-இல் எழுப்பச் சொன்னால் வெளிப்படையான ஒரு விலக்கு அளவுரு இல்லாமல் மறுத்துவிடும். 258-இல் வி1 ஆதரவே நீக்கப்பட்டது. குபெர்னெட்டிஸ் 1.31 முதல் வி1-ஐப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டது.

வரிசைதான் இங்கே எல்லாம். பலரும் நோடின் இயங்குதளத்தை முதலில் மாற்றி, அப்புறம் எது உடைகிறது என்று பார்த்தார்கள். தலைகீழாகச் செய்யலாம். வரம்பைப் படிக்கும் மென்பொருள்கள் எவை என்று முதலில் பட்டியல் போட வேண்டும்: ஜாவா பதிப்புகள், மானிட்டரிங் ஏஜென்ட்கள், யாரோ என்றோ எழுதி வைத்த ஷெல் ஸ்கிரிப்டுகள். புதிய ஜாவா வி1 நோடிலும் நன்றாக ஓடும். பழைய ஜாவா வி2 நோடில் நன்றாக ஓடாது. ஆகவே கன்டெய்னர் இமேஜ்களை முதலில் முடித்துவிட்டு நோடைத் தொடுவதில் எந்த நட்டமும் இல்லை. ஜாவா 8-ஐ உடனே மாற்ற முடியாத இடங்களில், ஹீப் அளவையும் சிபியு எண்ணிக்கையையும் கையால் எழுதிவிடுவது அழகாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

ஸ்வாப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வி1-இல் நினைவகமும் ஸ்வாப்பும் சேர்ந்த கூட்டுத்தொகைக்கு வரம்பு. வி2-இல் ஸ்வாப்புக்குத் தனி வரம்பு. பழைய எண்ணை அப்படியே நகலெடுத்தால், நினைத்ததைவிடப் பல மடங்கு ஸ்வாப்பை அனுமதித்துவிடுவீர்கள்.

எடைச் சூத்திரம் மாறியதில் இன்னும் ஒரு வால் மிச்சம் இருக்கிறது. நோடுகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும்போது, ஒரே கிளஸ்டரில் சில நோடுகள் பழைய சூத்திரத்திலும் சில புதியதிலும் இருக்கும். ஒரே பாட் ஒரு நோடில் எடை 39, இன்னொன்றில் 100. இதில் ஜாவா மறுபடி வருகிறது. வி2-ஐப் படிக்கத் தெரிந்த, ஆனால் 17.0.5-க்கும் 11.0.17-க்கும் முந்தைய பதிப்புகள், எடையை ஷேர்ஸாக மாற்றி அதிலிருந்து எத்தனை சிபியு என்று ஊகித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 100 என்ற எடைக்குச் சிறப்புப் பொருள் உண்டு: இயல்பு மதிப்பு, அதாவது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சிபியு கேட்டு, சிபியு வரம்பு வைக்காத கன்டெய்னருக்கு இப்போது கிடைப்பது சரியாக அதே 100. பழைய ரன்சி கொடுத்த 39-ஐப் பார்த்து ஒரு சிபியு என்று புரிந்துகொண்டிருந்த அந்த ஜாவா, புதிய ரன்சியின் 100-ஐப் பார்த்ததும் நோடின் எல்லாக் கோர்களும் தனக்கே என்று எடுத்துக்கொள்ளும். ரன்சியைப் புதுப்பிக்கும் முன் ஜாவா 17.0.5-ஐத் தாண்டிவிட்டதா, 11-ஆம் வரிசையானால் 11.0.17-ஐத் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்புகள் எடையைப் பார்த்துச் சிபியுவை எண்ணுவதையே விட்டுவிட்டன.